எங்கள் காலனியில் அமெரிக்கா

ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்புக்கு அமெரிக்கா வாரம் ஒருமுறை வரும். குளிர்காலமானால் ஞாயிறு பதினொரு மணி வெயிலோடு வரும். கோடையானால் இரவு எட்டு மணிக்குமேல், விசிறிக் காற்று போதாமல் எல்லோரும் கீழே இறங்கிப் புல்தரையில் நாற்காலி போடும்போது வரும். வேர்க்கடலையும் தேநீரும் தீரும்வரை இருந்துவிட்டுப் போகும்.

மேல்மாடியில் இருக்கும் சாரின் மகன் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் கணிப்பொறி வேலையில் இருக்கிறார். அவர் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் தகப்பனார் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். அடுத்த பிளாக்கிலிருந்து ஒரு வங்காளி நண்பர் வருவார். எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாத மனிதர். ஆகவே சபைக்கு மிகவும் அவசியமானவர். நான் விஞ்ஞான முதுகலை மாணவன், வயது 23, சித்தப்பா வீட்டு முன்னறையில் ஜாகை. என் சித்தப்பாதான் சபையின் நூல்நிலையம். மத்திய சர்க்கார் காரியாலயத்தில் கோப்பு புரட்டியபடியே, அமெரிக்க நீக்ரோ மக்கள் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் சரித்திரத்தை எங்கிருந்தெல்லாமோ படித்துச் சேர்த்து வைத்திருப்பவர். எதற்காக அதைப் படித்தார் என்று அவரை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

காலனி என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தில்லிக்கு நான் வந்த புதிதில், "நீ எந்தக் காலனி?" என்று வகுப்பில் ஒரு பஞ்சாபிப் பெண் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: தில்லியில் எல்லோருக்கும் காலனி உண்டு. கோடீசுவரர்களுக்கு டிபன்ஸ் காலனி, மற்றவர்களுக்கு மற்றவை. சர்க்கார் குவார்ட்டர்ஸும் காலனியே. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலோ ஊர் வேறு, காலனி வேறு. நாங்கள் காலனி. அந்தச் சொல் வசையாகிவிட்டது என்றும், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாகவும் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, சித்தப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "சொல்லை எடுத்துவிடுவார்கள். வரப்புக்கு அப்பால் இருக்கிற வீடுகளை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். கேள்வி என்னை நோக்கியதன்று. தேநீர்க் கோப்பையை நோக்கியது.

நிற்க. சென்ற டிசம்பரில் மேல்மாடி சாரின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். அமெரிக்கா அன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டது. நல்ல சுபாவமுள்ள மனிதர். புதிதாக வீடு வாங்கியிருந்தார். "அங்கே வீடு வாங்குவது என்றால் பள்ளிக்கூடம் வாங்குவது என்று அர்த்தம்" என்றார். அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்குப் பணத்தில் பெரும் பகுதி அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடு விலையுயர்ந்த இடத்தில் பள்ளியும் உயர்ந்தது. ஏழைகள் இருக்கும் இடத்தில் பள்ளியும் ஏழை. டெக்சஸ் மாநிலத்துப் பெற்றோர் சிலர் இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது.

"சரி, ஏழைகள் ஓரிடத்திலும் பணக்காரர் ஓரிடத்திலும் எப்படிச் சேர்ந்தார்கள்? தானாகவா?" என்று வங்காளி நண்பர் கிளறினார்.

அவ்வளவுதான், சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1933இல் அமெரிக்க சர்க்கார் வீட்டுக் கடன்காரர்களைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் தொடங்கியது. அந்த நிறுவனம் இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வண்ணப் படம் தீட்டியது. கடன் கொடுக்க உகந்த இடம் பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்தது மஞ்சள், அபாயமான இடம் சிவப்பு. கறுப்பர் குடியிருந்தால் பெரும்பாலும் சிவப்பு. அவர்கள் வீட்டின் சுவர் உறுதியா, கூரை ஒழுகுகிறதா என்பது இரண்டாம் பட்சம். 1934இல் ஏற்பட்ட மற்றொரு சர்க்கார் அமைப்பு, வெள்ளையர் வாங்கும் புது வீடுகளின் கடனுக்குப் பிணை நின்றது. கறுப்பர் பகுதிகளுக்கு நிற்கவில்லை. இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கமாட்டேன் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அத்தகைய பத்திரத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமோ 1968 ஏப்ரல் 11ஆம் தேதிதான் கையெழுத்தாயிற்று. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். உயிரோடிருந்தபோது, 1966இல், இதே வீட்டு உரிமைக்காகச் சிகாகோவில் ஊர்வலம் போய்த் தலையில் கல்லடி வாங்கியவர் அவர்.

"கிங் 1959இல் இதே தில்லிக்கு வந்தார், நேருவைப் பார்த்தார்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா தமக்குப் பிரியமான கதைக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதவர்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குக் கிங் போயிருந்தார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தம் ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் சேரிகளை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று மனத்துக்குள் ஒப்புக்கொண்டார். 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

மேல்மாடி சார் மிகவும் நெகிழ்ந்துபோனார். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் ஐயாயிரம் கற்பனை விண்ணப்பங்கள் போட்டுப் பார்த்தார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரே தரம். பெயரில் மட்டும் சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர். மற்றவற்றில் லகீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர். வெள்ளைப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்புப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று எங்கள் இரசாயனக் கூடத்தில் முதல் நாள் சொல்லித் தருவதும் இதுதான். அந்த ஆராய்ச்சியைச் செய்த இருவரில் ஒருவர் பெயர் செந்தில் முல்லைநாதன் என்று நான் சொன்னதும் சபையில் தமிழர் நெஞ்சு சற்றே விம்மியது.

"பெயரைப் பார்த்து மனிதனை எடை போடுவதா! என்ன தேசம்!" என்றார் மேல்மாடி சார். அதே மூச்சில், சியாட்டில் நகர சபை 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டதைப் பற்றியும் குறைப்பட்டுக்கொண்டார். "கலிபோர்னியாவில் இதே மாதிரி மசோதா வந்தது. கவர்னர், இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் புத்திசாலி. வெள்ளைக்காரனுக்குச் சாதி என்றால் என்ன தெரியும்?"

"சட்டம் வெள்ளைக்காரனுக்காகவா போட்டார்கள்?" என்றார் வங்காளி நண்பர்.

சித்தப்பா எழுந்து, இன்னொரு சுற்றுத் தேநீர் சொல்ல உள்ளே போனார்.

இந்த இடத்தில் மேல்மாடி சாரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். சித்தப்பாவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்ட ஆண்டு, இரவு இரண்டு மணிக்குத் தம் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவரே. நவராத்திரிக்கு அவர் வீட்டிலிருந்து சுண்டல் தவறாமல் கீழே வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பலாகாது என்று சித்தி அதில் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு அனுப்புவாள். பதினான்கு வருஷத்தில் எங்கள் வீட்டில் சமைத்த பண்டம் எதுவும் மேலே போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

சித்தப்பாவுக்கு 2025 நவம்பர் 30ஆம் தேதியோடு உத்தியோகம் முடிந்தது. ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸில் சில மாதங்கள் இருக்கலாம், அப்புறம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் வீடுகளிலேயே கழித்தவர் அவர். அங்கே வீடு கொடுக்கும் எஸ்டேட் இலாகாவுக்குத் தெரிய வேண்டியவை சம்பள நிலையும் முன்னுரிமைத் தேதியுமே. டைப் இரண்டா மூன்றா என்பதை அவை தீர்மானிக்கும். இந்தக் காலனியில் முகவரி சம்பளத்தைச் சொல்லிவிடும், பிறப்பைச் சொல்லாது. அமெரிக்காவில் சர்க்கார் கோடு போட்டுப் பிரித்தது, இங்கே சர்க்கார் கோட்டை அழித்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் கிராமத்துக் காலனி வீடுகளைக் கட்டிக் கொடுத்ததும் சர்க்கார்தான். ஊருக்கு வெளியேதான் கட்டிக் கொடுத்தது. ஒரே வரிசையில் எல்லாச் சாதியாரையும் குடிவைக்க 1997இல் தமிழ்நாட்டில் சமத்துவபுரம் தொடங்கினார்கள். நூறு வீட்டில் நாற்பது எங்களவர்க்கு. எங்கள் ஊர்ப் பக்கம் அது வரவில்லை.

ஆக, வாழ்க்கையில் முதல் முறையாகச் சித்தப்பா வாடகைக்கு வீடு தேடப் புறப்பட்டார். சித்தப்பாவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. தமிழர் அதிகமாக வாழும் ஒரு பகுதியில், ஒரு தமிழரின் வீடு காலி என்று தெரிந்தது. தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"தமிழா! ரொம்ப சந்தோஷம் சார். இந்த ஊர்க்காரர்களுக்கு விட்டு நான் பட்டது போதும். சொந்த ஊர் எது?"

"மன்னார்குடிப் பக்கம்."

"அடடே! மன்னார்குடியிலேயேவா?"

"பக்கத்தில் கிராமம்."

"கிராமத்தில் எந்தத் தெரு, சார்?"

சித்தப்பா ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. "காலனித் தெரு" என்றார்.

வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார் அவர். இரண்டு நாள் கழித்து, உறவினர் ஒருவர் வருவதாகவும் மன்னிக்க வேண்டும் என்றும் தகவல் வந்தது.

நண்பர்களே, தமிழன் தன் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று வடக்கே நாம் பெருமையடித்துக்கொள்கிறோம். 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாளிலிருந்து சிறுகச் சிறுக நடந்த பெரிய காரியம் அது, பெருமைக்கு உரியதுதான். அமெரிக்காவில் பெயரே போதும். தில்லியிலும் மற்றவர்களுக்குப் பெயர் போதும். நம் பெயர் வாயைத் திறப்பதில்லையாகையால், நம்மவர் தெருவைக் கேட்கிறார்கள்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். கூடப் படிக்கும் நண்பனின் தொலைபேசியிலிருந்து அதே வீட்டுக்காரரை அழைத்தேன். அதே மன்னார்குடிப் பக்கம், நான்கு பேர் குடும்பம், ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தர். தெருவை மட்டும் மாற்றினேன். "மேலத்தெரு" என்றேன்.

"சனிக்கிழமை வந்து பாருங்கள் தம்பி. முன்பணம் பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இதன் குறைகளை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சோதனை. குரல் வேறு, வயது வேறு. வருவதாக இருந்த உறவினர் வராமலே போயிருக்கலாம். எங்கள் பேராசிரியர் இதைக் கிழித்துக் குப்பையில் போடுவார். ஆயினும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்காவில் வீட்டு வசதி இலாகாவே இப்படி இருவரை அனுப்பிப் பார்க்கிறது. நாடு முழுவதற்கும் பல முறை செய்திருக்கிறார்கள். இங்கேயும் சுகதேவ் தோரட் என்ற பொருளாதார அறிஞரும் கூட்டாளிகளும் தில்லியிலும் சுற்று நகரங்களிலும் வாடகை வீடுகளுக்கு இதே சோதனையை நடத்தி, தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று 2015இல் வெளியிட்டார்கள். தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியில் குடியிருப்பதையும் தடுப்பது குற்றம் என்று நம் 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உறவினர் வருகிறார் என்ற தொலைபேசித் தகவலை எந்தச் சட்டத்தின் முன் கொண்டுபோய் வைப்பது?

சித்தப்பாவிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன்.

"தெருவை மட்டும்தானே மாற்றினாய்?"

"ஆமாம், சித்தப்பா."

"சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோமா?"

நான் பதில் சொல்லுமுன் சித்தி முந்திக்கொண்டாள். "போனால் என்ன? பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது. நாம் மேலத்தெரு என்று சொல்லிவிட்டால் மேலத்தெரு தேய்ந்தா போய்விடும்?"

சித்தி சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. சித்தப்பா கோபப்படவில்லை. அமெரிக்காவில் வெளிர் நிறமாகப் பிறந்துவிட்ட கறுப்பர் சிலர் வெள்ளையராகவே வாழ்ந்துவிட்டதைப் பற்றிச் சொன்னார். 'கடந்து போவது' என்றே அதற்கு அங்கே பெயர். நல்ல வேலை கிடைக்கும், நல்ல தெருவில் வீடு கிடைக்கும். பெற்ற தாய் மட்டும் அந்த வீட்டு வாசலுக்கு வர முடியாது. வந்தால் வேலைக்காரி என்று சொல்லவேண்டி வரும். "உன் அப்பா அறுவடை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஐயா எந்தத் தெரு என்று கேட்டால் அண்ணன் என்ன சொல்ல வேண்டும்? இன்றைக்கே எழுதிப் போட்டுவிடு" என்றார்.

சித்தி அடுப்படிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை நாங்கள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா வந்தது. மகன் திரும்பிப் போய்விட்டிருந்தார். அங்கே வாடகை எப்படி ஏறுகிறது என்பது அன்றைய விஷயம். நான் நடுவில் புகுந்து என் சோதனையைச் சொன்னேன். வேறு யாருக்கோ நடந்ததாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் "எங்களுக்கு" என்றே வந்துவிட்டது. பதினான்கு வருஷமாக அந்தப் புல்தரையில் உச்சரிக்கப்படாத சொல்லை அன்று நான் உச்சரித்தேன். சித்தப்பா என்னைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கடலைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யார் அந்த ஆள்? பெயரைச் சொல். நானே கேட்கிறேன்" என்று மேல்மாடி சார் துடித்தார். உண்மையாகவே துடித்தார்.

வங்காளி நண்பர் வழக்கம்போல விடவில்லை. "துவாரகாவில் உங்கள் பிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களே, நீங்கள் கேட்டீர்களா?"

"தரகர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம், நல்ல குடும்பமாகப் பாருங்கள் என்று மட்டும்…"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மலை மந்திர் பக்கமிருந்து நாதசுர ஒலி கேட்டது. அவர் தம் நாற்காலியை மடித்துக்கொண்டு மேலே போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அமெரிக்காவைப் பற்றிப் பேசினார். முன்னைப்போல அத்தனை சத்தமாக இல்லை. இதற்கு மேல் எதையாவது கண்டுகொண்டேன் என்று சொன்னால் அது என் கற்பனை.

வீடு கடைசியில் பாலம் பக்கத்தில் கிடைத்தது. வீட்டுக்காரர் அரியானாக்காரர். "மதராஸியா? மீன் சமைப்பீர்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார் சித்தப்பா. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். விசாலமான மனசு என்று சித்தி கொண்டாடினாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எங்கள் ஊர்த் தெருக்கள் அவருக்குத் தெரியாது; அவர் ஊர்த் தெருக்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று பல்புகளையும் விசிறிகளையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சித்தி மேலே போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். போகும்போது கையில் ஒரு தூக்கு இருந்தது. அன்று காலை அவள் செய்த அதிரசம். திரும்பும்போது கை வெறுங்கையாக இருந்தது. மேல்மாடி மாமி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "தூக்கை அப்புறம் தருகிறேன் என்றாள்" என்றாள் சித்தி.

புது வீட்டில் சாமான்களைப் பிரிக்கும் முன்பே எனக்கு ஒரு வேலை இருந்தது. அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பம். கடைசித் தேதி அன்று இரவு. தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் பாலம் வீட்டை நிரப்பினேன். அடுத்த கட்டம் நிரந்தர முகவரி. ஊரின் பெயரை மட்டும் போட்டு, தெருவை விட்டுவிடலாம். தபால் எப்படியும் போய்ச் சேரும், அங்கே யாருக்கும் புரியவும் புரியாது. சித்தப்பா அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு எண்ணையும் போடு" என்றார்.

3, காலனித் தெரு என்று தட்டி, கீழே ஊரையும் மன்னார்குடி வழி என்பதையும் எழுதினேன்.